செங்கல் சுடும் பெட்டி

கோவையை ஒட்டிய தடாகம் பள்ளத்தாக்கின் செங்கல் சூளைகளை 2021-ல் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. அந்த உத்தரவு துடியலூரில் ஒரு வீட்டுச் சமையலறையை மட்டும் எட்டவில்லை. அங்கே ஞாயிறு தவறாமல் சூளை ஓடியது. வெளியே வந்த சரக்கு நல்ல பழுப்பு நிறம், நாலு மூலையும் கூர், தட்டினால் 'டொக்' என்று சத்தம். வீட்டுக்காரர் அதை பிரெட் என்று சொன்னார். அவர் ஒருவர்தான் அப்படிச் சொன்னார்.

நூற்பாலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவைக் கட்டி மேய்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஸ்பின்னிங் மெஷின் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்று பேர். அவர் வீட்டுக்கு, நியூஜெர்சியில் இருக்கும் மகன் லீவுக்கு வந்தபோது ஒரு பிரெட் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தான். மாவு, தண்ணீர், ஈஸ்ட், உப்பு, சர்க்கரை, கொஞ்சம் எண்ணெய் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டி மூடிவிட்டால், அதுவே பிசைந்து, பொங்கவிட்டு, மறுபடி அமுக்கி, சுட்டு, மூன்றரை மணி நேரம் கழித்து 'பீப்' என்று கூப்பிடும். "நீங்க எதுவுமே செய்ய வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டு மகன் விமானம் ஏறினான். ஓய்வு பெற்ற மனிதரிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது.

முதல் செங்கல் வெளியே வந்ததும் அவர் சந்தேகப்பட்டது கரண்டை. தொழில் புத்தி. அமெரிக்க மெஷினுக்கு 120 வோல்ட், நம் வீட்டில் 230. அதற்காக ஒரு ட்ரான்ஸ்ஃபார்மரை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார். ஆனால் ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், அலைவெண்ணைத் தொடாது. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. பிரெட் மெஷின்கள் பலவற்றில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். 60-க்கென்று செய்ததை 50-ல் ஓட்டினால் வேகத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். இதையெல்லாம் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு, பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். கணக்கு சரி. பிசைவது கொஞ்சம் மந்தமாகும் என்பதும் சரி. ஆனால் அதற்காக ஒரு பிரெட் இவ்வளவு தூரம் பழி வாங்காது. உயரத்தில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

அடுத்த சந்தேகம் சிறுவாணித் தண்ணீர் மேல். கோவையில் ஒருவர் வாய்விட்டுச் சொல்லக்கூடிய வார்த்தையா இது? உப்புச் சத்து மிகக் குறைந்த தண்ணீரில் பிசைந்த மாவு தளர்ந்து கையில் ஒட்டும் என்பது பேக்கரித் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். இங்கே மாவு கல்லாக இறுகிக் கிடந்தது. நோய் கிழக்கே போக, மருந்து மேற்கே போன கதை. வீட்டம்மா இந்த விஞ்ஞானத்துக்குள் எல்லாம் போகவில்லை. "ஏனுங்க, எங்கப்பாரு காலத்துல இருந்து அந்தத் தண்ணியிலதான் சோறு பொங்குது. அது மேல பழி போடாதீங்க" என்றார். விசாரணை அத்தோடு முடிந்தது.

ஈஸ்ட் மேல் வந்த சந்தேகத்தில் மட்டும் நியாயம் இருந்தது. பாக்கெட்டைப் பிரித்து, ரப்பர் பேண்ட் போட்டு, அடுப்புக்கு மேலே இருந்த ஷெல்ஃபில் வைத்திருந்தார். ஈஸ்ட் உயிருள்ள பொருள். காற்றும் ஈரமும் சூடும் பட்டால் பாக்கெட்டுக்குள்ளேயே செத்துப்போகும். உயிர் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு: அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் சர்க்கரை, ஒரு ஸ்பூன் ஈஸ்ட். பத்து நிமிடத்தில் நுரை திரண்டு மேலே வரவேண்டும். அவர் 'வெதுவெதுப்பு' என்று எடுத்துக்கொண்டது, மார்கழியில் குளிக்கக் காய்ச்சி, விளாவும் முன் இருக்கும் வெந்நீரின் சூட்டை. 60 டிகிரி சூட்டில் ஈஸ்ட் பிழைக்காது. ஆக, சோதனை நடத்தியவரே சாட்சியைக் கொன்றுவிட்டார். புது பாக்கெட் வந்தது, காற்றுப் புகாத டப்பாவில் பிரிட்ஜுக்குள் போனது. அந்த வார பிரெட் ஒரு விரற்கடை உயர்ந்தது. செங்கல் சைஸிலிருந்து ஹாலோ பிளாக் சைஸுக்கு வந்ததாக மாடி வீட்டுப் பையன் சான்றிதழ் கொடுத்தான். ஹாலோ பிளாக்குக்குள்ளாவது காற்று இருக்கும்.

பெரிய குற்றவாளி மாவு டப்பாவில் இருந்தது. உடம்புக்கு நல்லது என்று அவர் போட்டது சப்பாத்திக்கு வாங்கும் ஆட்டா. கோதுமைப் புரதம் தண்ணீரோடு சேர்ந்து பிசைபடும்போது உருவாகும் வலைதான் குளூட்டன். ஈஸ்ட் விடும் வாயுவை அந்த வலை பிடித்து வைத்தால்தான் பிரெட் உயரும். ஆட்டாவில் புரதத்துக்குக் குறைவில்லை. ஆனால் அதோடு கூட வரும் தவிட்டுத் துகள்கள் வலையை அங்கங்கே அறுத்துவிடும். போதாததற்கு, நம் ஊர் ஆட்டா சக்கியில் அரைபடுவது. கல்லின் அழுத்தத்திலும் சூட்டிலும் மாவுச்சத்தின் மணிகள் நிறைய உடைகின்றன, உடைந்த மணி அதிகமாகத் தண்ணீர் குடிக்கும். சப்பாத்தி மெத்தென்று வருவதற்கு அதுதான் காரணம். அதே குணம் பிரெட்டுக்கு வினை: அமெரிக்கக் கையேட்டில் சொன்ன தண்ணீரை முதல் பிசைவிலேயே குடித்துவிட்டு மாவு 'இன்னும் கொண்டா' என்கிறது. கொடுக்க ஆள் இல்லை, மூடி மூடியிருக்கிறது. கையேடு சொல்லும் மாவு அங்கே 'பிரெட் ஃப்ளவர்' என்று தனியாக விற்பது, புரதம் 12, 13 சதவீதம். நம் மைதாவில் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. மைதாவில் பாதி, ஆட்டாவில் பாதி கலந்து, தனியாக விற்கும் குளூட்டன் பொடி ஒன்றிரண்டு ஸ்பூன் சேர்த்தால் பல வீடுகளில் காரியம் நடந்துவிடுகிறது.

இவர் வீட்டில் அப்போதும் நடக்கவில்லை. காரணம் அளவு. கையேட்டில் 3 கப் மாவு, ஒரு கப் தண்ணீர் என்று இருந்தது. அமெரிக்க கப் என்பது 240 மில்லி. மாவை ஸ்பூனால் மெல்ல அள்ளிப் போட்டு மேலே வழித்துவிட்டால் ஒரு கப்பில் 120 கிராம் பிடிக்கும். நம்மவர் மாவு டப்பாவுக்குள் கப்பை விட்டுக் கோதி எடுத்து, மேடையில் இரண்டு தட்டுத் தட்டி, இறங்கிய இடத்தில் மறுபடி போட்டு நிரப்பினார். படியில் அரிசி அளந்த பரம்பரை, குறைத்து அளந்தால் வீட்டுக்கு ஆகாது. அப்படி அளந்தால் கப்புக்கு 150 கிராம் சாதாரணமாக ஏறும். 360 கிராம் மாவுக்கு எழுதிய தண்ணீரை 450 கிராம் மாவுக்கு ஊற்றினால் என்ன ஆகும்? நூறு பங்கு மாவுக்கு 67 பங்கு தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் 53 பங்கு. அந்த மாவில் பூரி இடலாம். 'மெஷின் டிஃபெக்ட்' என்று எழுதிவைத்து அவர் மகனுக்கு அனுப்பிய புகார்களில் பாதியை ஒரு சின்ன எலெக்ட்ரானிக் தராசு தீர்த்து வைத்தது.

இந்த மெஷின் பிறந்த கதை அவருக்குத் தெரிந்திருந்தால் இவ்வளவு தூரம் அலைந்திருக்க மாட்டார் என்று நினைக்கத் தோன்றுகிறது. 1980-களின் நடுவில் ஒசாகாவில் மட்சுஷிடா நிறுவனம் வீட்டு பிரெட் மெஷினை உருவாக்கிக்கொண்டிருந்தது. முன்மாதிரியில் செய்த பிரெட்டுக்கு வெளியே கருகல், உள்ளே பச்சை மாவு. எவ்வளவு அளந்து பார்த்தும் காரணம் பிடிபடவில்லை. இகுகோ தனாகா என்ற மென்பொருள் பொறியாளர், ஊரில் நல்ல பிரெட்டுக்குப் பேர்போன ஒசாகா இண்டர்நேஷனல் ஹோட்டலுக்குப் போய், அங்கே தலைமை பேக்கரிடம் கையாளாகச் சேர்ந்து பிசையக் கற்றார். அந்த மனிதர் மாவை இழுக்கும்போதே ஒரு முறுக்கு முறுக்குவதைக் கவனித்தார். அந்த முறுக்கை மெஷினுக்குள் கொண்டுவர, பாத்திரத்தின் உட்சுவரில் வரம்புகள் வைத்தார்கள். 1987-ல் மெஷின் ஜப்பானில் விற்பனைக்கு வந்து சக்கைப்போடு போட்டது. நிர்வாகவியல் பேராசிரியர்கள் நொனாகாவும் தாகேயுச்சியும் தங்கள் புத்தகத்தில் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். துடியலூர்ப் பெட்டியிலும் அந்த வரம்பு இருக்கிறது, பாத்திரத்தைக் கவிழ்த்துத் தடவினால் கைக்குத் தெரியும். பேக்கரின் கை உள்ளே வந்துவிட்டது. கண் வரவில்லை. மாவு வறண்டிருக்கிறதா, ஓடுகிறதா என்று அது பார்ப்பதில்லை. கடிகாரத்தைத்தான் பார்க்கிறது.

கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. அந்த ஊரில் பிறந்த வீட்டம்மாவுக்கு, மெஷினுக்குக் கண் இல்லை என்பது ஆரம்பத்திலேயே விளங்கியிருந்தது. கிரைண்டரைப் போட்டுவிட்டு யாராவது மூன்று மணி நேரம் திரும்பிப் பார்க்காமல் இருப்பார்களா? உளுந்து சுற்றச் சுற்றக் கை நனைத்துத் தண்ணீர் தெளித்து, ஓரத்தை வழித்து உள்ளே தள்ளி, ஒரு துளி எடுத்து நீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்த்துத்தானே இறக்குவோம்? ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிசைய ஆரம்பித்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மோட்டார் முனகுகிற முனகல் கேட்டு வீட்டம்மா போய் மூடியைத் திறந்தார்.

"ஐயோ, தொறக்காதே! புக்குல போட்டிருக்கு!" என்று ஹாலிலிருந்து குரல் வந்தது.

புக்கில் போட்டிருப்பது, பொங்கும்போதும் சுடும்போதும் திறக்காதே என்று. பிசையும்போது திறப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை. உள்ளே மாவு இரண்டு துண்டாகப் பிளந்து, துடுப்போடு திணறித் திணறிச் சுற்றிக்கொண்டிருந்தது. மூலைகளில் உலர்ந்த மாவு அப்படியே கிடந்தது. அவர் ஒவ்வொரு ஸ்பூனாகத் தண்ணீர் விட்டு, அது உள்ளே போகும்வரை காத்திருந்து, மறுபடி ஒரு ஸ்பூன் விட்டார். துண்டுகள் ஒன்று சேர்ந்தன, மூலை மாவைத் தானே துடைத்து எடுத்துக்கொண்டன, முனகல் நின்றது. வழுவழுவென்று ஒரே உருண்டை. விரல் வைத்தால் லேசாக ஒட்டி உடனே விட்டது. "இப்ப மூடிக்கோங்க" என்றார். பிரெட் கெட்டியாகிப் போகிறவர்களுக்குச் சொல்ல ஒரே ஒரு வைத்தியம்தான் அனுமதி என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்: பத்தாவது நிமிடம் மூடியைத் திற, உருண்டையைப் பார்.

மிச்சமெல்லாம் சில்லறை. அவசரத்துக்கு 'ராப்பிட்' பட்டனை அமுக்கினால், பொங்க வேண்டிய நேரத்தைத்தான் மெஷின் வெட்டும், ஆட்டா பிரெட் அதில் எழவே எழாது. சித்திரை வெயிலில் கதை தலைகீழ். ஈஸ்ட் தறிகெட்டுப் பொங்கி, சுடும் நேரம் வருவதற்குள் மேல்பாகம் பள்ளமாக உட்கார்ந்துவிடும். அதற்குப் பிரிட்ஜ் தண்ணீரை ஊற்றி, ஈஸ்டில் கால் பங்கைக் குறைத்தால் போதும். கடை பிரெட்டின் பஞ்சுத்தனத்தை எதிர்பார்த்து ஏங்குவதும் வீண். அதிவேக மிக்ஸரும், மாவை இளக்கும் சேர்மானங்களும் சேர்ந்து செய்கிற வேலை அது. அந்தச் சேர்மானங்களில் ஒன்றான பொட்டாசியம் புரோமேட்டை 2016-ல் இந்தியாவில் தடை செய்தார்கள். வீட்டு பிரெட் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

உருண்டை சரியான பிறகும் ஆலைக்காரர் ஒரு குறை கண்டுபிடித்தார்: நடுவில் பிசுபிசுப்பு. 'பீப்' சத்தம் அடங்கும் முன்பே கத்தியோடு நிற்பவருக்கு வேறென்ன கிடைக்கும்? சூட்டோடு வெட்டினால், உள்ளே இன்னும் இறுகாத மாவுச்சத்து கத்தியோடு இழுபட்டு அமுங்கிவிடும். உடனே பாத்திரத்திலிருந்து எடுத்து, கம்பித் தட்டில் ஒரு மணி நேரமாவது ஆறவிட வேண்டும். இப்போதெல்லாம் கத்தி வீட்டம்மாவின் பொறுப்பில் இருக்கிறது.

தீராத பஞ்சாயத்து ஒன்றுதான். பிசையும் துடுப்பு பிரெட்டின் அடியில் சிக்கிக்கொள்ளும், பிடுங்கினால் ஒரு ஓட்டை விழும். இதற்கு அவர் வீட்டுக் கையேட்டில் மருந்து இல்லை. அந்த ஓட்டைத் துண்டு ஒவ்வொரு வாரமும் ஆலைக்காரர் தட்டுக்கே வருகிறது, தடவிய ஜாம் வேட்டியில் விழுகிறது. கேட்டால், "உங்க மெஷின் போட்ட ஓட்டைதானுங்க, வேற யாருக்கு வைக்கறது?" என்று பதில் வருகிறது. அவர் இப்போது துடுப்புக்குத் தடவ எண்ணெயா நெய்யா என்று காலண்டர் தாளில் எழுதிக்கொண்டிருக்கிறார்.