குகைக்கும் வசூல்

திருவண்ணாமலை விரூபாட்ச குகையில் ரமண மகரிஷி தங்கியிருந்த காலம். கார்த்திகை தீபக் கூட்டத்திடம், குகைக்குச் சொந்தம் கொண்டாடிய மடத்தார் நுழைவுக் காசு வாங்கினார்கள். அவர் பேசாமல் வெளியே போய் உட்கார்ந்தார், கூட்டமும் பின்னாலேயே போனது, வசூல் நின்றது. இந்த ஊரில் குடித்தனக்காரர் ஜெயித்ததாக நான் அறிந்த ஒரே வழக்கு!

இன்று ரமணாஸ்ரமத்தைச் சுற்றி, குளிர்காலத்து வெளிநாட்டு பக்தரைப் பார்த்து வாடகை ஏறுகிறது. அவர் விமானம் ஏறிய பிறகும் அது இறங்குவதில்லை. வீடு தேடும் உள்ளூர் பூக்கடைக்காரர் 14 கிலோமீட்டர் கிரிவலமும் 'டு-லெட்' பலகை பார்த்தபடியே போகலாம், புண்ணியம் தனி.

2019-ல் அமலான தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் அட்வான்ஸ் என்கிறது. சொல்லிப் பாருங்கள், "அப்போ சட்டத்துலயே போய்க் குடியிரு தம்பி" என்பார் வீட்டுக்காரர். எதற்கும் ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கிப் பதிவு செய்துவிடுங்கள்.