பரண் இறங்கிய பாட்டுப் பெட்டி

எங்கள் வீட்டில் ஓர் இசைச் சேகரிப்பு உண்டு. விருந்தாளிகளிடம் அப்படித்தான் சொல்லி வருகிறேன். உண்மையில் அது ஒரு வாராக்கடன்.

என் சித்தப்பா தவளக்குப்பத்தில் ரேடியோ செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, தீமிதி, தேர்தல் என்று எதற்குக் கூப்பிட்டாலும் போய்க் குழாய் கட்டிப் பாட்டுப் போடுவார். அந்தத் தொழிலில் வரவேண்டிய பாக்கி எப்போதும் அதிகம். அதனால் கொடுக்கவேண்டிய பாக்கியும் அதிகம். என்னிடம் வாங்கிய கைமாற்றைக் கேட்கப் போனேன். மறுநாள் இரண்டு தகரப் பெட்டிகளும் ஒரு குழாய் ஸ்பீக்கரும் டயர் வண்டியில் எங்கள் வாசலில் வந்து இறங்கின. “பணம் இன்னிக்கு வரும், நாளைக்குப் பூடும். இது பாட்டுடா” என்று சொல்லி அனுப்பியிருந்தார். பணம் பூடுவதற்கு முன் கொஞ்ச நேரம் கையில் இருந்தாலே எனக்குப் போதும் என்று சொல்லத்தான் நினைத்தேன். சித்தப்பாவிடம் அதை யார் போய்ச் சொல்வது?

பெட்டிகள் பரணேறின. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் எங்கள் வீட்டு ஓட்டைக் கலைத்துப் போட்டதில் ஒரு பெட்டி நனைந்தது. 2024 நவம்பர் கடைசியில் ‘ஃபெஞ்சல்’ வந்து புதுச்சேரியை ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழையில் முக்கியெடுத்தபோது இன்னொன்றும் நனைந்தது. “ஒண்ணு மட்டும் நனைஞ்சி இன்னொண்ணு காஞ்சி கெடந்துதுன்னு கொறையா இருந்திச்சி. இப்ப ரெண்டும் சரியாப் பூடுச்சி. எறக்குங்க” என்றாள் என் மனைவி. போகிக்குள் பரண் காலியாக வேண்டும் என்பது உத்தரவு. போகியன்று மொத்தத்தையும் கொளுத்திவிடலாம் என்பது அவள் திட்டம். பிளாஸ்டிக்கைக் கொளுத்தினால் தெருவே இருமும் என்று சொல்லித் தரம் பிரிக்கும் வேலையை நானே ஏற்றுக்கொண்டேன். சென்னையிலிருந்து மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். ஜப்பானில் மரி கோண்டோ என்ற அம்மையார் சொல்கிறாராம்: ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துப் பார், மனசு மகிழ்ந்தால் வைத்துக்கொள், இல்லையென்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடு. முதல் கேசட்டைக் கையில் எடுத்தேன். மனசுக்கு முன்னால் மூக்கு வேலை செய்துவிட்டது. அன்று முழுக்கத் தும்மல்.

பெட்டிக்குள் இருந்த ஒழுங்கைப் பார்த்து அசந்துபோனேன். பாடகர், இசையமைப்பாளர், படம் என்றெல்லாம் சித்தப்பா அடுக்கவில்லை. சுபகாரியத்தின் நேரப்படி அடுக்கியிருந்தார். முதல் வரிசை ‘விடியக்காலை’. சீர்காழி கோவிந்தராஜன், சூலமங்கலம் சகோதரிகள் அங்கே. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்ற விதி 2000-ஆம் ஆண்டில்தான் வந்தது. சித்தப்பா காலத்தில் நாலு மணிக்கே பிள்ளையார் எழுந்துவிடுவார், அவரோடு ஊரும். அடுத்தது ‘பொண்ணு அழைப்பு’. மருமகளை வரவேற்கும் ‘சாரதா’ படப் பாட்டு மட்டும் அதில் ஏழெட்டு பிரதி. 1962-இல் வந்த அந்தப் படத்துக்குப் பிறகு அந்தப் பாட்டு இல்லாமல் எங்கள் பக்கத்தில் ஒரு மருமகளும் வாசற்படி தாண்டியதில்லை. அதற்கப்புறம் ‘பந்தி’. சாப்பிடும்போது வசனம்தான் கேட்கவேண்டும் என்பது சித்தப்பாவின் கொள்கை. அதனால் ‘திருவிளையாடல்’, ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ கதைவசனத் தட்டுகளும் ‘விதி’ கேசட்டும் அங்கே இருந்தன. 1984-இல் ‘விதி’ வந்தபோது டீக்கடைகளில் அந்தக் கோர்ட் காட்சி ஓடி ஓடி, டீ ஆற்றுகிறவருக்கே சுஜாதாவின் குறுக்கு விசாரணை மனப்பாடம். ஆறு கேள்விகளுக்குள் இலை காலியாகிவிடும் என்று சித்தப்பா சொல்வார். கடைசி வரிசையில் ‘துக்கம்’ என்று எழுதி, கீழே பென்சிலில் ‘எலெக்சனுக்கும் ஆவும்’ என்று குறித்திருந்தார்.

தட்டுகளின் கதை சீக்கிரம் முடிந்தது. நிமிடத்துக்கு 78 சுற்றும் அரக்குத் தட்டுகள் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் பாடும். கைதவறினால் அதுவும் இல்லை. அடியில் இருந்தவை பூராவும் ஏற்கெனவே துண்டுகள். எல்.பி. தட்டுகள் ஓட்டுச் சூட்டில் கிடந்து பொரித்த அப்பளமாக நெளிந்திருந்தன. அவற்றைப் பார்த்து என் மனைவி அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

கேசட்டுகள் அப்படிச் சுலபமாக விடவில்லை. 1963-இல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ்காரர்கள் கேசட்டை அறிமுகம் செய்தபோது, ஒருவன் அதைக் கொண்டுபோய் வங்கக் கடலோரத்தில் பரணில் வைப்பான் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். உப்புக்காற்றில் திருகாணி துருப்பிடித்துவிட்டது. நாடாவை ஹெட்டில் அழுத்திப் பிடிக்கும் அந்தச் சின்னக் கம்பளித்துண்டு உதிர்ந்துவிட்டது. நாடாவின் மேல் பழுப்புப் பூச்சைப் பிடித்து நிறுத்தும் பசை ஈரத்தை உறிஞ்சி இளகிவிட்டது. பூஞ்சை வேறு. தளர்ந்த நாடாவைச் சுற்றப் பென்சில் விடுவதைப் பற்றித் தமிழ்நாட்டில் எல்லோரும் எழுதிவிட்டார்கள். எங்கள் வீட்டில் பென்சில் பிள்ளைகளோடு போய்விட்டது. சுண்டுவிரலை விட்டுச் சுற்றினேன். விரல் வீங்கியது.

எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று தெரிய வேண்டுமானால் கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்பதற்கு டேப் ரிக்கார்டர் வேண்டும். வீட்டிலிருந்த டூ இன் ஒன்னைத் திறந்தால் அதன் பெல்ட் உருகித் தாராகிவிட்டிருந்தது. அரியாங்குப்பத்தில் ஒரு மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டு, “சார், இதுக்கு பெல்ட் போட்ட கைங்க இப்ப ஊருல இல்ல” என்றார். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்குப் போனேன். ஓடுகிற செட் ஒன்று வாங்கினேன். அதற்கு உதிரிபாகம் வேண்டுமே என்று ஓடாத செட் ஒன்றும் வாங்கினேன். அந்த வியாபாரி பாவம், எடுத்துக்கட்டிக்கொண்டு போகிற நேரத்தில் கெஞ்சினார் என்பதற்காகக் கேசட் நிறைந்த அட்டைப்பெட்டி ஒன்றையும் வாங்கிக்கொண்டேன். சாமான் குறைக்கப் போனவன் ஆட்டோ வைத்துத் திரும்பியதைத் தெருவே பார்த்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. இறங்கிய பெட்டிகளையும் வந்த பெட்டிகளையும் வரிசையாக வைத்து, நடுவில் என்னை நிறுத்தி, போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினாள்.

போட்டுக் கேட்கத் தொடங்கியதும் இன்னொரு சிக்கல் தெரிந்தது. எந்த உறைக்குள்ளும் அதற்குரிய கேசட் இல்லை. ‘ரோஜா’ உறையைத் திறந்தால் நாகூர் ஹனிபா. ஹனிபா உறையைத் திறந்தால் கிறிஸ்துமஸ் பாட்டு. மத நல்லிணக்கம் என்று சித்தப்பாவைப் பாராட்டலாம்தான், ஆனால் ‘ரோஜா’ எங்கே? பாதிக் கேசட்டுகள் மேல் வேறு யார் யாருடைய இனிஷியலோ இருந்தது. ரெக்கார்டிங் சென்டரில் காசு கொடுத்து, பாட்டுப் பட்டியல் எழுதி, வாரக்கணக்கில் காத்திருந்து பதிவு செய்து வாங்கியவற்றை, கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்திருக்கிறார் சித்தப்பா. அந்த வகையில் வந்தவற்றைப் பக்கத்து வீட்டு அண்ணனிடம் நல்லெண்ணத்தோடு நீட்டினேன். அவர் தன் இனிஷியலையே வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “இது எங்கிட்ட இருந்திருந்தா எப்பவோ தூக்கிப் போட்டிருப்பேனே” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பாட்டு யாருக்குச் சொந்தம் என்று இளையராஜாவும் எக்கோ நிறுவனமும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் வழக்காடினார்கள். எங்கள் தெருவில் பாட்டை யாருமே சொந்தம் கொண்டாட மாட்டேன் என்கிறார்கள். இந்த வழக்கை எந்தக் கோர்ட்டில் போடுவது?

குழாய் ஸ்பீக்கரை மட்டும் காயலாங்கடைக்கு என்று திண்ணையில் எடுத்து வைத்தேன். தெருவோடு போன எதிர்வீட்டு ஆயா நின்றுவிட்டது. “இன்னாடா இது, இத்தயா விக்கப்போற?” என்றது. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரில் வேலை பார்த்த எங்கள் நல்லவாட்டுப் பிள்ளை ஒருவர், தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தி பார்த்து வீட்டுக்குப் போன் போட்டார். ஆட்கள் ஓடிப்போய் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையத்துக் கதவை உடைத்துத் திறந்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் எல்லோரையும் ஓடச் சொன்னார்கள். அலை வீடுகளையும் படகுகளையும் கொண்டுபோனது. ஊரிலிருந்த 3,600-க்கும் மேற்பட்டவர்களில் ஒருவரைக்கூடக் கொண்டுபோகவில்லை. வீராம்பட்டினத்தில் அதே நிறுவனம் வைத்த குழாய்கள் அதற்கு முன்பே, அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்த அலை உயரத்தை மீனவர்களுக்குத் தினம் சொல்லிக்கொண்டிருந்தன. என் சித்தப்பாவின் குழாய் யாரையும் காப்பாற்றியதில்லை. தூக்கத்தைக் கெடுத்ததுதான் அதன் சரித்திரம். ஆனாலும் நல்லவாட்டில் ஒரு குழாயைக் கிலோவுக்குப் போட்டுவிட்டு நான் எந்த முகத்தோடு தெருவில் நடப்பது? அது மறுபடி பரணேறியது. ஆக, இறங்கியதில் ஒன்று குறைந்தது என்று மனைவியிடம் கணக்குக் காட்டினேன்.

எனக்கு விடிவு பாகூரிலிருந்து வந்தது. என் மச்சினனுக்கு அங்கே ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். பால் பிடித்த கதிரில் குருவிகள் கூட்டமாக வந்து இறங்குகின்றன என்று புலம்பிக்கொண்டிருந்தான். கேசட் நாடாவைக் கொம்புக்குக் கொம்பு இழுத்துக் கட்டினால் வெயிலில் மின்னும், காற்றில் விர்ரென்று சத்தம் போடும், குருவி அண்டாது. தொண்ணூறு நிமிடக் கேசட் ஒன்றில் 130 மீட்டர் நாடா இருக்கிறது. வயலை நாலு பக்கமும் வளைக்க எத்தனை சாமி பாட்டு வேண்டும் என்று நானே கணக்குப் போட்டுக் கொடுத்தேன். ஒரு சாக்கு நிறைய அள்ளிக்கொண்டு போனான். ஐயப்பன் பாட்டெல்லாம் போய்விட்டதே என்று லேசாக வருத்தமாக இருந்தது. மாலை போட்ட வருடத்தில்கூட நான் அதைக் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

அதன் பிறகுதான் அந்தக் கேசட் கிடைத்தது. உறையில் சித்தப்பா கையெழுத்தில் ‘நம்ம வீட்டுக் கல்யாணம்’ என்று இருந்தது. எங்கள் கல்யாணத்துக்கு மைக் செட் அவருடைய அன்பளிப்பு. ஆம்பிளிஃபயரில் டேப்பை மாட்டி, மைக்கில் போனதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார். நாதஸ்வரம் கொஞ்சம் கேட்டது. பிறகு, பச்சைக் கால்சட்டை போட்ட பையன் ஒருவன் மேடையருகே அழுதுகொண்டிருக்கிறான், உரியவர்கள் வந்து கூட்டிப்போகவும் என்று அறிவிப்பு. “எந்தம்பி!” என்று மனைவி துள்ளினாள். அடுத்து மொய். இலங்கை வானொலி கே.எஸ். ராஜாவின் குரலில் பேசுவதாக நினைத்துக்கொண்டு, சித்தப்பா மூச்சுவிடாமல் பெயரும் தொகையும் வாசித்தார்.

மனைவி போய் ஒரு நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். எங்கள் மொய் நோட்டு தானே புயலில் கரைந்துபோனது. அன்றிலிருந்து நாங்கள் குத்துமதிப்பாகத்தான் செய்முறை செய்துகொண்டிருக்கிறோம். அதைவிட முக்கியம், என் அக்கா வீட்டுக்காரர். “ஒன் கல்யாணத்துக்கு அந்தக் காலத்துலயே ஐந்நூத்தியொண்ணு எழுதனவன் நானு” என்று அவர் சொல்லாத சபை இல்லை. ஐம்பத்தொன்றுதான் என்பது என் மனைவியின் நெடுநாள் சந்தேகம். அடுத்த மாதம் அவர் பேத்திக்குக் காதுகுத்து.

தாய்மாமன் முடிந்தார், ஒன்றுவிட்ட பெரியப்பாக்கள் முடிந்தார்கள், அலுவலக நண்பர்கள் முடிந்தார்கள். பந்தி விசாரித்துக்கொண்டிருந்ததால் மாமா கடைசியில்தான் எழுதினார் போலும். “அடுத்ததாக, மாப்பிள்ளையின் மூத்த சகோதரியின் கணவர்…” என்று சித்தப்பா குரலை உயர்த்தினார். டக். பக்கம் முடிந்துவிட்டது. திருப்பிப் போட்டோம். எல்.ஆர். ஈஸ்வரி அம்மன் பாட்டு ஆரம்பித்தார். உறையைப் பிரித்து உள்பக்கம் பார்த்தாள் மனைவி. பொடி எழுத்தில், ‘தொடர்ச்சி ஐயப்பன் பொட்டியில்’.

நான் ஜன்னலைப் பார்த்தேன். அவள் போனை எடுத்தாள்.

“எல்லாத்தையும் உருவிக் கட்டியாச்சிக்கா” என்றான் மச்சினன். “எந்தக் கேசட்டு எந்த வரப்புல போவுதுன்னு எனக்கு இன்னா தெரியும்? ஏன், அதுல இன்னா இருந்துது?”

“ஒன் மாமன் வீட்டு மானம் இருந்துது” என்றாள் அவள். பிறகு என்னிடம் திரும்பி, “பாகூருக்குப் போயி, ஒவ்வொண்ணா அவுத்துச் சுருட்டிக்கினு வாங்க. செட்டுதான் ரெண்டு வாங்கி வச்சிருக்கீங்கல்ல” என்றாள்.

ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டிருக்கும்போது மறுபடி போன் அடித்தது. மச்சினன்தான்.

“மாமா, சொல்ல மறந்துட்டேன். அந்தக் கெழக்கு வரப்புப் பக்கம் ஒரு குருவிகூட எறங்கல. அதே மாரி இன்னும் நாலு கேசட்டு இருந்தா வரச்சொல்ல எடுத்தாங்க.”