ஏரிக்கரைக் குடில் விக்கிரய விசாரம்

நெல்லை விற்றால் நெல் கைமாறுகிறது. நிலத்தை விற்றால் நிலம் இருந்த இடத்திலேயே இருக்க, பத்திரம் கைமாறுகிறது. இரண்டிலும் வாங்கினவன் எதை வாங்கினான் என்பதில் ஊராருக்குச் சந்தேகம் எழுவதில்லை. ஆனால் இங்கிலாந்து தேசத்தின் வடமேற்கு மூலையிலே, கம்ப்ரியாவின் மலைகளுக்கு இடையில் நீள நீளமாய்க் கிடக்கும் ஏரிகளின் ஓரங்களில், ‘விடுமுறைக் குடில் விற்பனைக்கு’ என்று விளம்பரம் செய்யப்பட்டு, ஒரு லட்சம் பவுண்டுக்கும் இரண்டு லட்சம் பவுண்டுக்கும் அதற்கு மேலும் விலைபோகிற மரவீடுகளின் விஷயத்தில், பணம் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குப் போவது மாத்திரம் ஐயம் திரிபற விளங்குகிறதே அல்லாமல், பதிலுக்கு வந்து சேர்வது யாது என்பது எளிதில் புலப்படுவதாயில்லை. பிரம்மத்தின் இலக்கணத்தைப் பற்றிப் பல நூற்றாண்டுகள் வாதிட்ட நம்மவர் இந்தக் குடிலின் இலக்கணத்தைப் பற்றி ஒரு சூத்திரமும் செய்யாமல் போனது பெருங்குறை. அதை இயன்ற மட்டும் நிவர்த்தி செய்வதே இவ்வாராய்ச்சியின் நோக்கம்.

இந்த சாஸ்திரத்துக்கு மூலபாடம் விளம்பரம். அதில் முதலில் வருவது படம். பலகை பாவிய திறந்த தளம் ஒன்று. அதன்மேல் நமக்கு முதுகைக் காட்டியபடி இரண்டு நாற்காலிகள். நடுவே சிறு மேஜையில் இரண்டு கண்ணாடிக் கிண்ணங்கள். ஓரத்தில் ஆவி பறக்கும் வெந்நீர்த் தொட்டி. இவற்றுக்கு அப்பால் மரக்கிளைகளின் நடுவே வெள்ளித் தகடு போல ஒரு கீற்று நீர். மனிதர் எவரும் இல்லை. மழையும் இல்லை. மழை இல்லாத இந்தப் படத்தை எடுக்கப் புகைப்படக்காரர் எத்தனை தினங்கள் காத்திருந்தார் என்று எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

படத்தின் கீழே வரும் வாசகங்களைக் கூர்ந்து நோக்கினால், சைவ சித்தாந்திகள் முத்தியை நான்கு படிகளாக வகுத்த முறையிலேயே குடில் வியாபாரிகளும் ஏரியைப் படிப்படியாக வகுத்திருப்பது தெரியவரும். ‘ஏரிப் பிரதேசத்தின் இதயத்தில்’ என்றிருந்தால் அது சாலோகம்; அதாவது ஏரி இருக்கும் உலகத்தில் நீங்களும் இருப்பீர்கள், காரில் ஏறி அரைமணி போனால் தரிசனம் கிட்டும். ‘ஏரிக்கு ஐந்தே நிமிஷ நடை’ என்றிருந்தால் சாமீபம். அந்த ஐந்து நிமிஷமும் இறக்கத்தில் கணக்கிட்டது, திரும்பி ஏறுவதற்கு ஆகும் நேரம் பக்தனின் முழங்காலைப் பொறுத்தது. ‘ஏரி தெரியும் ஜன்னல்’ என்றிருந்தால் சாரூபம், ஏனெனில் ஜன்னல் கண்ணாடியில் ஏரியின் ரூபம் படிந்து வீடே ஏரி வடிவம் கொள்கிறது. ‘சொந்தப் படகுத்துறையுடன்’ என்பது சாயுச்சியம். படிக்குப் படி விலை ஏறுவதும், மேற்படியில் இருப்பவர் கீழ்ப்படியாரை இரக்கத்தோடு பார்ப்பதும் இரண்டு மார்க்கங்களுக்கும் பொதுவே.

இனி, விற்கப்படும் பொருளின் சொரூபத்தை விசாரிப்போம். பிரத்தியட்சப் பிரமாணத்தை மட்டும் நம்புகிறவர், மூன்று படுக்கையறை, இரண்டு குளியலறை, சமையலறை, கணப்பு, தொங்கும் சரவிளக்கு இத்தனையும் கண்டபின் இதை வீடு என்றே சாதிப்பார். அவரைச் சற்றே குனியச் சொல்லவேண்டும். தளத்தின் ஓரத்தில், சுவரின் அடிப்பாகத்தை மறைத்து அடித்திருக்கும் பலகைகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு உள்ளே நோக்கினால், காங்கிரீட் கட்டைகளின்மேல் அமர்ந்திருக்கும் எஃகுச் சட்டமும், அதன் நடுவே அச்சில் கோத்து, தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் சின்னஞ்சிறு சக்கரங்களும், அவற்றின்மேல் சிலந்தி கட்டிய வலையும் காணக் கிடைக்கும். ஏன் என்று கேட்பவருக்கு ஆகமம் விடை சொல்கிறது. ஆகமம் என்று இங்கே நான் குறிப்பது 1960-ஆம் வருஷத்திலும் 1968-ஆம் வருஷத்திலும் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் இயற்றிய கேரவன் சட்டங்களை. நம்மூர் சினிமா நட்சத்திரங்கள் படப்பிடிப்பின் இடையில் இளைப்பாறுகிறார்களே, அந்த கேரவன்தான். ஏரிக்கரை முகாம்களில் விற்கப்படும் குடில்களில் மிகப் பெரும்பாலானவை சட்டத்தின் கண்ணுக்கு வீடுகளே அல்ல, வண்டிகள்.

வண்டி எவ்வளவு பெரிதாயிருக்கலாம் என்பதற்கும் அளவு உண்டு. 20 மீட்டர் நீளம், 6.8 மீட்டர் அகலம், உள்ளே தரையிலிருந்து கூரைவரை 3.05 மீட்டர் உயரம். இவற்றுள் எதையாவது மீறினால் அக்கணமே அது வண்டித்தன்மை இழந்து வீடாகிவிடும். அடங்கி நடந்தாலோ, எத்தனை சரவிளக்கு தொங்கினாலும் வண்டியே. இத்தனை பெரிய வஸ்துவை மலைநாட்டின் குறுகிய சாலைகளில் எப்படிக் கொண்டு வருவது? இரண்டு பாதிகளாகச் செய்து, இரண்டு லாரிகளில் ஏற்றி வந்து, நிற்கவேண்டிய இடத்தில் பொருத்திவிடுகிறார்கள். பொருத்திய பிறகு அது நகரத்தக்கதாய் இருக்கவேண்டும் என்கிறது சட்டம். ஆனால் பொருத்திய நிலையில் அதைப் பொதுச்சாலையில் கொண்டுபோவது சட்டவிரோதமாயிற்றே என்று பூர்வபட்சி ஆட்சேபிப்பான். அவன் வாயை அடைக்கும் வாசகத்தை 1968-ஆம் வருஷத்துச் சட்டமே பதின்மூன்றாம் பிரிவில் வைத்திருக்கிறது. சேர்ந்த நிலையில் சாலையில் செல்ல அதற்குச் சட்ட அனுமதி இல்லை என்ற ஒரே காரணத்தால், அது கேரவன் அல்லாததாகக் கருதப்படலாகாது என்பது அதன் தாத்பரியம். போகக்கூடாது, ஆனால் போகக்கூடியதாய் இருக்கவேண்டும். போகாததனால் போகும் பொருள் அல்ல என்று சொல்லிவிடவும் கூடாது. நேதி நேதி என்று உபநிஷத்து இரண்டு முறை மறுத்து நிறுத்திய இடத்தை வெஸ்ட்மின்ஸ்டரில் இருந்த குமாஸ்தாக்கள் எவ்வளவு அநாயாசமாகக் கடந்துவிட்டார்கள் என்பதை நினைக்கும்போது மெய்சிலிர்க்கிறது.

இந்த மாயைக்கு ஹேது இல்லாமல் இல்லை. ஏரிப் பிரதேசம் 1951-இல் தேசியப் பூங்காவாகவும் 2017-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாகவும் ஆன இடம். அங்கே புதிதாகச் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்து ஒரு வீடு எழுப்புவதற்கு அனுமதி பெறுவது பகீரதப் பிரயத்தனம். வண்டிகளை நிறுத்தி வைக்கும் முகாமுக்கு உரிமம் என்பதோ வேறு வாசல். முன்வாசலில் வீடாக நுழைய முடியாதது பக்கவாசலில் வண்டியாக நுழைந்து, உள்ளே போனதும் திரை போட்டுக்கொண்டு வீடாக உட்கார்ந்துவிட்டது. வீட்டுக் கிரயத்துக்கு விதிக்கும் முத்திரைத் தீர்வை இதற்குக் கிடையாது என்பதை விற்பனைக்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். வீடு அல்லாததற்கு வீட்டுத் தீர்வை எப்படி வரும்? விண்டர்மியர் ஏரியின் கரையில் இத்தகைய முகாம் ஒன்று இருக்கும் இடத்தில், இரண்டாம் உலக யுத்தத்தின்போது ‘சண்டர்லாண்ட்’ என்னும் பெரிய கடல்விமானங்களைக் கட்டிய தொழிற்சாலை இருந்தது. அன்று அங்கே செய்தவை பறந்தே போய்விட்டன. இன்று அங்கே நிற்பவை சக்கரம் இருந்தும் ஓர் அங்குலம் நகர்வதில்லை.

வண்டி என்றே ஒப்புக்கொண்டாலும் வாங்கினவருக்கு என்ன பாத்தியதை என்ற கேள்வி நிற்கிறது. அடிநிலம் அவருடையதன்று, முகாம் உரிமையாளருடையது. அந்த நிலத்தில் வண்டி நிற்பதற்கு வருஷாவருஷம் ஆயிரக்கணக்கான பவுண்டு இடவாடகை கட்டவேண்டும், அது வருஷாவருஷம் ஏறவும் செய்யும். பட்டா இல்லை, கிரயப் பத்திரப் பதிவு இல்லை. ஒத்தியும் அன்று, நம் நாட்டுக் குத்தகைக்காரனுக்கு உள்ள நிமிர்வைத் தரும் குத்தகையும் அன்று. குறிப்பிட்ட சில வருஷங்களுக்கு உரிமம் மட்டுமே. அந்த வருஷங்கள் முடிந்தால், அதுகாறும் நகராதிருந்த வண்டி அன்றைக்கு நகர்ந்தாகவேண்டும். சட்டத்தின் வாக்கு பலிக்கிற நாள் அதுதான். இடையில் விற்க விரும்பினால், முகாமின் சம்மதம் பெறுவதோடு விலையில் 15 விழுக்காடு வரை முகாமுக்குத் தரகு அழவேண்டியிருக்கும். புது வண்டிக்குக் கொடுத்த விலை பழைய வண்டிக்குக் கிடைக்காது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. நிலத்தின் விலை ஏறும், அதன்மேல் நிற்பதன் விலை இறங்கும். வாங்கினவருடைய கையில் இருப்பது இறங்குகிற பாகம்.

இவற்றையெல்லாம் விட ரசமான நிபந்தனை ஒன்று உண்டு. வாங்கிய குடிலில் வாங்கினவர் குடியிருக்கக் கூடாது. விடுமுறைக்கு வந்து தங்கலாம். ஆனால் வேறோர் ஊரில் தமக்கு நிலையான வீடு இருக்கிறது என்பதற்கு வரி ரசீது முதலிய சான்றுகளைக் காட்டவேண்டும். பல முகாம்கள் குளிர்காலத்தில் சில வாரங்களோ ஒரு மாதத்துக்கு மேலோ கதவைப் பூட்டிவிடுகின்றன. பன்னிரண்டு மாதமும் திறந்திருப்பவையும் குடியிருப்பை அனுமதிப்பதில்லை. ஆக, வீடு இல்லாதவனுக்கு இவ்வீடு கிடையாது. முன்னமே வீடு உள்ளவனுக்குத்தான் இது கிடைக்கும். அவனுக்கும் வீடாகக் கிடைக்காது. இதைச் சத் என்றும் சொல்ல முடியாமல் அசத் என்றும் சொல்ல முடியாமல் அநிர்வசனீயம் என்று அத்வைதிகளைப் பின்பற்றி ஒதுக்கிவிடுவதே உசிதம். உள்ளூரில் ஆடு மேய்க்கிறவனுடைய மகன் கல்யாணமாகி ஒரு சிறு வீடு தேடினால் அது அவனுக்கு எட்டாத விலையில் நிற்பதும், பக்கத்துச் சரிவில் நூறு குடில்கள் மாரிக்காலத்தில் இருட்டாகக் கிடப்பதும் வேறு விசாரம். அதில் பரிகாசத்துக்கு இடமில்லை.

நிலம் போயிற்று, வீடு போயிற்று, வாசம் போயிற்று, எஞ்சியது என்ன? ஏரியா? அதையும் யாரும் எழுதித் தரவில்லை. எஞ்சியது பார்வை ஒன்றே. இந்தப் பார்வை அங்கே வெகுகாலமாக ஒரு சரக்காக இருந்து வந்திருக்கிறது. 1769-இல் தாமஸ் கிரே என்னும் கவி அப்பிரதேசத்தில் யாத்திரை செய்தபோது, அக்காலத்து ரசிகர் வழக்கப்படி, சற்றே குவிந்த கருநிறக் கண்ணாடி ஒன்றைக் கையில் ஏந்தி, மலைக்கும் ஏரிக்கும் முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியில் விழும் பிரதிபிம்பத்தையே இயற்கையழகு என்று கண்டு களித்தார். அப்படிக் களிக்கையில் ஒருமுறை சேற்றுப் பாதையில் மல்லாந்து விழுந்து விரல் முட்டியைப் பெயர்த்துக்கொண்டதாகத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்; கண்ணாடி அப்போதும் கையில் திறந்தே இருந்ததாம். பிறகு 1778-இல் தாமஸ் வெஸ்ட் என்பவர், எந்த எந்த இடத்தில் நின்று பார்க்கவேண்டும் என்று விதிமுறை வகுத்து ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டார். 1790-களில் விண்டர்மியரின் மேற்குக் கரையில் கிளைஃப் என்ற இடத்தில் பார்வைக்கென்றே ஒரு மாளிகை எழுப்பி, அதன் ஜன்னல்களுக்கு வெவ்வேறு வர்ணக் கண்ணாடிகளைப் பொருத்தி, மஞ்சள் வழியே பார்த்தால் இலையுதிர்காலமும் நீலம் வழியே பார்த்தால் நிலவொளியும் தோன்றும்படி செய்தார்கள். இன்றைய குடிலின் பெரிய ஜன்னல் அந்த வம்சத்தில் வந்ததே. வர்ணத்தை மட்டும் விளம்பரப் படத்துக்கு மாற்றிக்கொண்டார்கள்.

கவி வேர்ட்ஸ்வொர்த் இதைப் பார்த்து முகம் சுளித்தார். 1810-இல் முதலில் வெளிவந்து பிறகு விரிவடைந்த தம்முடைய வழிகாட்டியில், பார்வைக்காக வந்து குடியேறுகிறவர்கள் பளீரென்று வெள்ளையடித்த வீடுகளைக் கட்டி மற்றவர்களுடைய பார்வையைக் கெடுப்பதை அவர் கண்டித்தார். 1844-இல் விண்டர்மியருக்கு ரயில் போடக்கூடாதென்று பத்திரிகைக்குக் கடிதமும் எழுதினார். ரயில் 1847-இல் வந்தேவிட்டது. ஊரைப் புகழ்ந்து வழிகாட்டியும் எழுதிவிட்டு, வழியைப் பார்த்துக்கொண்டு ஜனங்கள் வருகிறார்களே என்று வருந்துவது கவிகளுக்கே உரிய சுதந்திரம். இன்றைய குடில்கள் பெரும்பாலும் சாம்பலும் பாசியுமான நிறங்களில் வருவதைக் கண்டால், அவருடைய உபதேசத்தில் வர்ணப்பூச்சு மட்டும் சிரசாவகிக்கப்பட்டது என்று கொள்ளலாம்.

குடில் வாங்குவோர் சம்பிரதாயத்தின் ஆதிகுருவாக நான் கொள்பவர் ஜான் ரஸ்கின். ‘அன்டு திஸ் லாஸ்ட்’ என்ற நூலில் உண்மையான செல்வம் எது என்று உலகத்துக்குப் போதித்து, 1904-இல் அதை ரயிலில் படித்த காந்தியடிகளின் வாழ்க்கையையே திருப்பிவிட்ட அந்த மகான், 1871-இல் கனிஸ்டன் ஏரியின் கிழக்குக் கரையிலிருந்த பிராண்ட்வுட் என்னும் வீட்டை, கண்ணால் பாராமலே 1,500 பவுண்டு கொடுத்து வாங்கினார். பிறகு போய்ப் பார்த்தால் மரம் உளுத்து, கல் பெயர்ந்து, ஈரம் சுவறிக் கிடந்தது. அவர் மனம் தளரவில்லை. பெரும்பணம் போட்டுச் செப்பனிட்டு, மூலையில் ஒரு கோபுர ஜன்னலும் வைத்து, எதிர்க்கரை மலையைப் பார்த்துக்கொண்டே கடைசிக் காலம்வரை அங்கே வாழ்ந்து, 1900-இல் அங்கேயே காலமானார். ஆனால் அவர் வாங்கியது வீடு, நிலத்தோடு சேர்ந்த வீடு என்பதைச் சீடர்கள் கவனிக்கத் தவறிவிட்டார்கள்.

பார்வையைத்தான் வாங்கினோம் என்று ஆறுதல் கொள்வதற்கும் மழை இடங்கொடுப்பதில்லை. அப்பிரதேசத்தின் சீத்வெயிட் என்னும் சிற்றூர், மனிதர் குடியிருக்கும் இடங்களில் இங்கிலாந்திலேயே அதிக மழை பெறுவது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல். அதன் அருகே ஹானிஸ்டர் கணவாயில் 2015 டிசம்பரில் ஒரே இருபத்துநான்கு மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் பெய்தது பிரிட்டனிலேயே அதுவரை காணாத பதிவு. அத்தகைய நாள்களில் ஜன்னலுக்கு வெளியே தெரிவது ஏரியா மேகமா என்று நிச்சயிக்கக் கூடாமையால், சாரூபம் வாங்கினவரும் சாலோகம் வாங்கினவரும் சமநிலை அடைகிறார்கள். வெந்நீர்த் தொட்டியில் அமர்ந்து மேலே தண்ணீர், கீழே தண்ணீர் என்று அனுபவிப்போரும் உண்டு என்று கேள்வி.

ஆகவே இந்த விசாரத்தின் சித்தாந்தம் வருமாறு: ஏரிக்கரையில் விற்கப்படுவது வீடும் அன்று, நிலமும் அன்று, வண்டி என்று பெயர் பெற்றாலும் வண்டியும் அன்று, மழை இல்லாத வேளைகளில், முகாம் திறந்திருக்கும் மாதங்களில், உரிமம் தீரும்வரை, ஒரு நாற்காலியில் அமர்ந்து நீரை நோக்கியிருக்கும் அனுபோகம். அதே நீரை எதிர்க்கரையின் பொது நடைபாதையில் நின்று, காசு கொடாமல், எவரும் பார்க்கலாம்.

இவ்வளவும் படித்த பின்னும் வாங்கியே தீருவேன் என்னும் அன்பருக்கு ஒரு வார்த்தை. முன்பணம் கட்டுவதற்கு முன்னே ஒப்பந்தத்தை வாங்கி, உரிம வருஷங்கள், இடவாடகை ஏற்றம், விற்கும்போது தரகு, இவை எழுதியிருக்கும் பக்கங்களை இரண்டு முறை வாசியுங்கள். பிறகு ஜூன் மாதத்தில் போகாமல் பிப்ரவரி மாதத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். முகாமின் கதவு பூட்டியிருந்தால், யாரும் தவறு செய்துவிடவில்லை; அதுவும் ஒப்பந்தத்தில் இருக்கிறது.