லண்டட்னோவா, பழவேற்காடா?

கேள்வி: வேல்ஸ் நாட்டின் லண்டட்னோ கடற்கரையை டி.வி.யில் பார்த்ததிலிருந்து ஒரே ஏக்கம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு பார்ப்பவனுக்கு அதெல்லாம் கட்டுப்படியாகுமா?

பதில்: விசா எதற்கு? பொன்னேரி வரை மின்சார ரயில், அங்கிருந்து பழவேற்காட்டுக்கு பஸ்.

லண்டட்னோவில் 1877-இல் திறந்த இரும்புப் பாலத்தில் கடலுக்குள் சுமார் 700 மீட்டர் நடக்கலாம். 1860-இல் தொடங்கிய பொம்மலாட்டத்தை இன்னும் ஒரே குடும்பம்தான் நடத்துகிறது. ஆனால் வயதில் பழவேற்காடு மூத்தது. டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியது 1613-இல். கோட்டை இன்று முள்ளும் புதரும். கல்லறைத் தோட்டம் மட்டும் வாசலிலேயே எலும்புக்கூடு சிற்பங்களை நிறுத்தி வரவேற்கிறது. இப்படி உபசரிக்கும் சுற்றுலாத் தலம் அபூர்வம்!

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு ஏரிதான். குளிர்காலத்தில் பூநாரைகள் வரும், அவற்றுக்கும் விசா கிடையாது.

படகு மட்டும் வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் அன்று சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு படகுச் சவாரிக்குத் தடை வந்தது. கரையில் யாராவது காதோரம் வந்து, “ஒரு ரவுண்டு போலாமா சார்?” என்றால், மறுத்துவிட்டு மீன் சாப்பிடப் போங்கள்.