கொலம்பஸ் வாங்கிய சின்ன பூமி

எல்லோரும் பூமியைத் தட்டை என்று நம்பிக்கொண்டிருந்தபோது கொலம்பஸ் மட்டும் உருண்டை என்று அடித்துச் சொன்னாராம். சுத்தக் கட்டுக்கதை. 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நாலெழுத்து படித்தவர் அநேகமாக அத்தனை பேருக்கும் பூமி உருண்டை என்று தெரியும். தகராறெல்லாம் சுற்றளவில்தான்.

ஒரு பாகைக்கு 56⅔ மைல் என்று 9ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருந்தார் வானியலாளர் அல் ஃபர்கானி. கொலம்பஸ் அந்த எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எந்த ஊர் மைல் என்று கேட்கத்தான் மறந்துவிட்டார். அல் ஃபர்கானி எழுதியது அரபு மைலில். அது ஏறக்குறைய 2 கிலோமீட்டர். கொலம்பஸ் போட்டதோ இத்தாலிய மைல். சுமார் ஒன்றரை கிலோமீட்டர். 360ஆல் பெருக்கியதும் 40,000 கிலோமீட்டர் பூமி பட்டினி கிடந்ததுபோல இளைத்து 30,000க்கு வந்துவிட்டது.

அதோடு விட்டாரா? ஆசியாவைக் கிழக்கே இழுத்து நீட்டினார். சீனாவுக்கு 1,500 மைல் கிழக்கே ஜப்பான் என்று மார்க்கோ போலோ விட்ட கதையையும் சேர்த்துக்கொண்டார். கானரித் தீவுகளிலிருந்து மேற்கே போனால் 4,500 கிலோமீட்டருக்குள் ஜப்பான் என்று விடை வந்தது. உண்மைத் தூரம் 20,000க்குப் பக்கம்.

மேற்கே போய் ஆசியாவை அடைய ஆதரவு கேட்டபோது, போர்ச்சுகல் மன்னரின் நிபுணர்கள் கணக்கைப் பார்த்துவிட்டு, போய் வாருங்கள் என்றார்கள். ஸ்பெயினில் பாதிரியார் தலவேரா தலைமையிலான குழுவும் 1490இல் கைவிரித்தது. பிற்காலக் கதைகளில் இவர்கள் எல்லோரும் பிற்போக்குவாதிகள்! பாவம், ஒழுங்காகக் கணக்குப் போட்டதைத் தவிர அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.

அப்படியும் கடைசியில் ஸ்பெயினில் அனுமதி கிடைத்து, 1492 ஆகஸ்ட் 3இல் மூன்று கப்பல்கள் கிளம்பின. குறுக்கே ஒரு கண்டம் கிடந்ததால் மாலுமிகள் பிழைத்தார்கள்! இல்லாவிட்டால் தண்ணீரும் ரொட்டியும் தீர்ந்து நடுக்கடலிலேயே கதை முடிந்திருக்கும். அக்டோபர் 12இல் பஹாமாஸில் இறங்கிய கொலம்பஸ், ஆசியா வந்தாயிற்று என்று அங்கே குடியிருந்தவர்களுக்கு 'இந்தியர்' என்று பெயரும் சூட்டிவிட்டார்.

மறுபடி வந்தபோது, 1494இல்தான் உச்சக்கட்டம். கியூபா தீவே அல்ல, ஆசியாவின் பெருநிலம்தான் என்று கூட வந்தவர்களிடம் எழுத்தர் முன்னிலையில் சத்தியம் வாங்கினார். பின்னால் மாற்றிப் பேசினால் 10,000 மரவேதி (அந்தக் காலத்து ஸ்பானியக் காசு) அபராதம், நாக்கும் அறுபடும். கணக்கைத் திருத்துவதைவிடச் சாட்சியைத் திருத்துவது சுலபம் அல்லவா?

விடைக்குப் பக்கத்தில் அலகு எழுதாத பையனுக்கு நம் வாத்தியார்கள் அரை மார்க் குறைப்பார்கள். கொலம்பஸுக்கோ கொலம்பியா என்று ஒரு நாட்டுக்கே பெயர் வைத்துவிட்டார்கள்.