கோப்பைக்குள் எத்தனை நாய்?

கே: யார்க்‌ஷயர் டெரியர் குட்டி வாங்கப் போனேனுங்க. ஸ்டாண்டர்டு, மினி, டாய், டீகப், மைக்ரோ டீகப்னு அஞ்சு வகை சொல்றாங்க. சைஸ் குறையக் குறைய விலை ஏறுது. எதை எடுக்கறதுங்க?
*(கட்டிங் மாஸ்டர், பல்லடம் ரோடு)*

ப: துணி குறைந்தால் விலையும் குறையும் என்று தெரிந்த திருப்பூரில் வந்து இப்படி விற்கிறார்கள் பாருங்கள், அந்தத் துணிச்சலுக்கே தனி விலை போடலாம். யார்க்‌ஷயர் டெரியர் என்கிற யார்க்கியில் அளவை வைத்துப் பிரித்த வகை எதுவும் கிடையாது. வளர்ந்த நாய் 3.2 கிலோவைத் தாண்டக் கூடாது என்பதுதான் பெரிய கென்னல் கிளப்புகள் வைத்திருக்கும் கணக்கு. ஒரே ஈற்றில் ஒன்று இரண்டு கிலோவிலும் ஒன்று மூன்றரையிலும் நிற்கலாம். இரண்டும் ஒரே இனம்தான். 'டாய்' என்பது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இந்த இனத்தைச் சேர்த்திருக்கும் குழுவின் பெயர். ஆகவே எல்லா யார்க்கியும் டாய்தான். அதற்குத் தனியாகக் காசு கேட்பது அநியாயம். மற்ற பெயரெல்லாம் விற்கிறவர் ஒட்டிய லேபிள். எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் என்று லேபிள் ஒட்டிய டீ-ஷர்ட் எல்லாம் கப்பல் ஏறப் பிறந்தவையா என்ன? உங்களுக்குத் தெரியாததா!

கே: இருந்தாலும் உள்ளங்கையில அடங்குற குட்டி அழகுதானே?
*(செக்கிங் செக்‌ஷன் பெண்கள், அனுப்பர்பாளையம்)*

ப: அழகுதான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த அளவு எப்படி வருகிறது என்று கேளுங்கள். ஈற்றில் நோஞ்சானாகப் பிறந்ததை இன்னொரு நோஞ்சானோடு சேர்ப்பார்கள். சில சமயம் சீக்கிரமே தாயிடமிருந்து பிரித்த குட்டியைக் காட்டி "இதுதான் முழு வளர்ச்சி" என்பார்கள். இப்படிப்பட்டவை ஒரு வேளை சாப்பாடு தவறினால் ரத்தத்தில் சர்க்கரை குறைந்து மயங்கி விழும். சோபாவிலிருந்து குதித்தால் கால் எலும்பு முறியும். குடலிலிருந்து வரும் ரத்தம் ஈரலுக்குள் போகாமல் வேறு வழியாகச் சுற்றிப் போகும் பிறவிக் கோளாறு யார்க்கி இனத்திலேயே அதிகம். முழங்கால் சில்லு விலகுவதும் சகஜம். நோஞ்சானுக்கு இதெல்லாம் இன்னும் கஷ்டம். கழுத்துப்பட்டையில் கயிறு கட்டி இழுக்காதீர்கள், மூச்சுக்குழாய் நசுங்கும்; மார்போடு மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். குட்டி எடுக்கும் முன் தாயை நேரில் பார்ப்பது எந்த லேபிளையும் விட மேல்.

கே: கருப்புக் குட்டி வாங்கினோம். இப்ப முதுகு நீலச் சாம்பலா மாறுது. ஏமாத்திட்டாங்களா?
*(விவசாயி, காங்கேயம்)*

ப: காங்கேயத்துக்காரர் கேட்கிற கேள்வியா இது? உங்கள் தொழுவத்துக் கன்று செவலையாகப் பிறந்து ஆறு மாதம் போல மயிலைக்கு மாறும்போது சந்தைக்காரரைத் திட்டினீர்களா? யார்க்கியும் கருப்பும் பழுப்புமாகப் பிறந்து, பிறகு முதுகில் எஃகு நீலமும் தலையிலும் காலிலும் பொன்பழுப்பும் வாங்கும். முழுதாக மாற இரண்டு, மூன்று வருடம்கூட ஆகும். சாயம் போகவில்லை, ஏறிக்கொண்டிருக்கிறது.

கே: வெள்ளைத் திட்டோட இருக்கறதும் யார்க்கியா?
*(டையிங் சூப்பர்வைசர், வீரபாண்டி)*

ப: ஷேட் விஷயத்தில் உங்கள் கண்ணை ஏமாற்ற முடியாது. 1984-ல் ஜெர்மனியில் பீவர் தம்பதி வளர்த்த யார்க்கிகளுக்கு வெள்ளை கலந்த குட்டி ஒன்று பிறந்தது. வேறு யாராவது என்றால் ஷேட் மாறிய பீஸ் என்று செகண்ட்ஸில் தள்ளியிருப்பார்கள். இவர்கள் அதையே பெருக்கினார்கள். 2021-ல் அமெரிக்கன் கென்னல் கிளப் அதை பீவர் டெரியர் என்று தனி இனமாகவே ஏற்றுக்கொண்டது. வகை வகை என்கிறார்களே, யார்க்கியிலிருந்து உருப்படியாகப் பிரிந்த கிளை இதுதான். ஆஸ்திரேலியாவின் சில்க்கி டெரியரும் உறவுதான், ஆனால் அது ஒரு சுற்றுப் பெரிது, வேறு இனம்.

கே: இந்த நாய்க்கும் நம்ம மாதிரி மில் ஊருக்கும் சம்பந்தம் இருக்குன்னு கேள்விப்பட்டேன். நிஜமா?
*(நிட்டிங் ஆபரேட்டர், அவிநாசி)*

ப: நூற்றுக்கு நூறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஸ்காட்லாந்து நெசவாளர்கள் வேலை தேடி இங்கிலாந்தின் யார்க்‌ஷயர், லங்காஷயர் மில்களுக்கு இடம்பெயர்ந்தார்கள். பெட்டி படுக்கையோடு சின்ன டெரியர்களையும் கொண்டுபோனார்கள். மில்லில் எலி பிடிப்பது நாயின் வேலை. பஸ் ஏறித் திருப்பூர் வந்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. அங்கே உள்ளூர் நாய்களோடு கலந்து உருவானதுதான் யார்க்கி. அதன் பட்டு முடியைப் பார்த்து, இது தறியில் நெய்ததுதான் என்று அந்தக் காலத்திலேயே கிண்டல் செய்தார்களாம். இனத்தின் மூலபுருஷன் என்று கொண்டாடப்படும் ஹடர்ஸ்ஃபீல்டு பென் பிறந்தது 1865-ல், கம்பளி மில்கள் நிறைந்த ஊரில். ஆறே வயதில் வண்டி மோதிச் செத்தான். இன்றைய கணக்குப்படி அவனே அதிக எடை. அவன் குட்டிகள்தான் சிறுத்தன. மில் தொழிலாளி வளர்த்த எலிப்பிடியன் சீமாட்டிகளின் மடிக்கு ஏறியது அதற்குப் பிறகு.

கே: அப்ப நம்ம குடோன்ல எலி பிடிக்குமா?
*(யார்ன் குடோன் காவலர், மங்கலம் ரோடு)*

ப: புத்தி இன்னும் டெரியர் புத்திதான். இரண்டாம் உலகப் போரில் ஸ்மோக்கி என்ற யார்க்கி, எடை இரண்டு கிலோகூட இல்லை, பிலிப்பைன்ஸ் விமானதளத்தில் எழுபது அடி நீளக் குழாய்க்குள் தந்திக் கம்பியை இழுத்துக்கொண்டு ஊர்ந்து போனது. ஆக, தைரியம் பற்றிக் கவலை இல்லை. கவலை உங்கள் குடோன் பெருச்சாளியைப் பற்றித்தான். அது ஒரு கிலோவைத் தொடும். சண்டை சமபலம் ஆகிவிடும். எலிக்காய்ச்சல் ஆபத்தும் உண்டு. பூனை வையுங்கள்.

கே: நாய்க்கு டீ-ஷர்ட் தைத்து ஏற்றுமதி செய்யலாமா?
*(மெர்ச்சண்டைசர், கொங்கு நகர்)*

ப: தாராளமாக. எஸ், எம், எல் போட்டு அனுப்பாதீர்கள். கழுத்து, மார்பு, முதுகு நீளம் மூன்றும் தனித்தனி அளவு. வெல்க்ரோ வேண்டாம், யார்க்கி முடி சிக்கினால் கத்தரிதான் வழி. ஆண் நாய்க்கு வயிற்றுப் பக்கம் குறைத்து வெட்டச் சொல்லுங்கள். ஏன் என்பதை முதல் சாம்பிளே நனைந்து காட்டும்.