வியன்னாவில் அரை கிலோ தக்காளி

ஜெர்மன் வகுப்பில் பி1 பாஸ். அந்தத் தெம்பில் துணைக்கு யாரும் வேண்டாம் என்று வியன்னாவைச் சுற்றத் தனியாகக் கிளம்பினேன். முதல் போணி நாஷ்மார்க்ட் சந்தையில். அரை கிலோ 'டொமாட்டன்' என்றேன். காய்க்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, விலைப் பலகையைக் காட்டினார்: 'பாரடைசர்'. தக்காளிதான். உருளைக்கிழங்கு 'எர்ட்எப்ஃபெல்', காலிஃபிளவர் 'கார்ஃபியோல்'. காசு கட்டிப் படித்த காய்கறிப் பாடம் மொத்தமும் அங்கேயே அழுகியது.

வட்டார வழக்குதானே என்று இளக்காரமாக நினைத்துவிடக் கூடாது. 1995இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும்போது, கல்யாணப் பேச்சில் சீர்ப் பட்டியல் போடுகிற மாதிரி, இப்படி 23 சாப்பாட்டுச் சொற்களை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்ட நாடு ஆஸ்திரியா.

காப்பிக் கடையில் 'ஒரு காப்பி' என்றேன். எந்தக் காப்பி? மெலாஞ்சா, பிரவுனரா, ஃபெர்லெங்கர்ட்டரா? ஜெர்மன் இலக்கணத்தின் நான்கு வேற்றுமையும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். இந்தக் கேள்விதான் சிலபஸில் இல்லை. சர்வர் இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறினார். நான் விடுவேனா? அவர் ஆங்கிலத்தில், நான் ஜெர்மனில். பக்கத்து மேசைக்காரர் செய்தித்தாளை இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்தார். கடைசியில் ஏதோ ஒரு காப்பி வந்தது, வெள்ளித்தட்டில் ஒரு தம்ளர் தண்ணீரோடு. அன்றைக்கு நான் வாயைத் திறக்காமலே சரியாக வந்து சேர்ந்தது அந்தத் தண்ணீர் ஒன்றுதான்.